அம்மா கை வைத்துப் பார்த்த தண்ணீர்

கண்ணா,

இதை ஆபீஸில் உட்கார்ந்து வாசிக்காதே. ரூமுக்குப் போய், செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு வாசி. ஏன் காலைத் தூக்கச் சொல்கிறேன் என்று போகப் போகப் புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது உன் பையில் நகவெட்டியைத் தேடினேன். உன் பையைத் துழாவும் பழக்கம் எனக்குக் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். என் கால் நகத்தை நானே வெட்டக் கூடாது என்பது உன் அம்மா போட்ட சட்டம். அவள் மாடியில் துணி காயப்போடப் போயிருந்த நேரத்தில் திருட்டுத்தனமாக வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். நகவெட்டி கிடைக்கவில்லை, ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. பத்தில் நான்கு காலி. பெயரைப் படிக்க எனக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. இன்சுலின் ஊசிக்கு மாறும்வரை வருஷக்கணக்கில் நான் விழுங்கிய அதே வெள்ளை மாத்திரை. சாப்பிடும்போது, “அது என்னடா மாத்திரை?” என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “கேஸ் ட்ரபுள்பா. கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கல” என்றாய். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் பொய் சொல்லும்போதும் தட்டைத்தான் பார்ப்பேன். அப்பவே உன்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அதற்குள் அம்மா அடுத்த தோசையோடு வந்துவிட்டாள், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வித்யாவிடம் நீ சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்கிறாயா? நேற்று அந்தப் பெண் போன் பண்ணினாள். “அங்கிள், அவருக்குப் பால்கோவான்னா உயிராமே, அம்மா வீட்லயே கிண்டி அனுப்பறேன்னு சொல்றாங்க, எவ்ளோ அனுப்பட்டும்?” என்று கேட்டாள். “கொஞ்சமா அனுப்பும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வயதுகூட ஆகவில்லை உனக்கு. என் உடம்பிலிருந்து உனக்கு வந்த சொத்து இது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லடா. கோபமெல்லாம் என்மேல்தான். ஆனால் இந்த வியாதியை ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. என் வலது காலில் மூன்று விரல்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். எப்படி அப்படி ஆயிற்று என்பது உனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரிக்கு வந்த கம்பெனியெல்லாம் உன்னை எடுக்காமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் நீ முடிச்சூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடந்து வருவாய். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. குன்றத்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இவனுக்கு வேலை கிடைத்தால் கத்திரி வெயிலில், உச்சி வேளையில், வெறுங்காலோடு படியேறி, கோயிலை மூன்று சுற்று சுற்றி வருகிறேன் என்று. கிடைத்தது. பெங்களூரில் வேலை. உன் அம்மா படித்துப் படித்துச் சொன்னாள்: “ஏங்க, காலையில ஆறு மணிக்கே போயிட்டு வந்துடலாம். முருகன் மணி பார்க்க மாட்டாரு.” நான் கேட்கவில்லை. உச்சி வேளை என்றால் உச்சி வேளை. எனக்குச் சர்க்கரை வந்து அப்போதே எட்டு வருஷம். அதற்கு முந்தின வருஷம் ஒருநாள் திருமுடிவாக்கத்தில் வேலைக்குப் போய் இறங்கின பிறகுதான் ஒரு கால் செருப்பு இல்லை என்று பார்த்தேன். பைக்கில் போகும்போது எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அதை லேத் செக்‌ஷனில் எல்லோரிடமும் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை, எனக்கும் புத்தி இல்லை.

அன்றைக்கு மலையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ இரண்டு படி வைத்ததும், “ஐயோ, சுடுதுப்பா!” என்று குதித்து நிழலுக்கு ஓடினாய். அம்மா யாரோ நனைத்துப் போட்டிருந்த சாக்கின்மேல் நின்றுகொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினாள். நான் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம்போல மெதுவாக நடந்தேன். மூன்று சுற்று. ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “முருகன் இவரைத் தாங்குறாம்பா!” என்றாள். அப்போது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! எனக்குச் சுடவே இல்லை. சுடாதது அருள் என்று நினைத்தேன். கால் செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கல் என் காலை வேகவைத்துக்கொண்டிருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கீழே வந்து குழாயடியில் கால் கழுவினேன். நீயும் அம்மாவும் மோர் வாங்கப் போயிருந்தீர்கள். வலது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு கொப்புளம், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது மாதிரி. பார்த்தேன். ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணா, இதை மறக்காதே: கொப்புளத்தை நான் மத்தியானமே, மலையடியில், குழாயடியில் பார்த்தேன்.

சாயங்காலம் உன் அம்மா எனக்காகப் பரிதாபப்பட்டு வெந்நீர் வைத்தாள். பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, உப்புப் போட்டு, பச்சைத் தண்ணீர் விளாவி, கையை விட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கையை விட்டுப் பார்த்தாள். “இதமா இருக்கு, வைங்க” என்றாள். வைத்தேன். கொப்புளம் அந்தத் தண்ணீரில் உடைந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளில் நீ பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். காலைக் காட்டினால் நீ கிளம்ப மாட்டாய் என்று சொல்லி எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். பஞ்சை வைத்து, மேலே சாக்ஸ் போட்டு, அதற்குமேல் கம்பெனி ஷூ. சென்ட்ரலில் உன்னை ரயிலேற்ற வந்தபோது, “ஏன்பா நொண்டறீங்க?” என்று கேட்டாய். புது ஷூ கடிக்கிறது என்றேன். அந்த ஷூவுக்கு வயது மூன்று. வீட்டில் நாற்றம் வர ஆரம்பித்தது. உன் அம்மா எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பீரோவை நகர்த்தினாள். நானும் ஒரு கை கொடுத்து நகர்த்தினேன்! செத்த எலியைத் தேடி என் கூடவே குனிந்து பார்த்தவளிடம், அது என் கால்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ போன நாலாம் நாள் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. நினைவு தப்பிப் படுத்திருந்தபோது அவளே சாக்ஸைக் கழற்றியிருக்கிறாள். கத்தவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே எனக்கு நினைவு திரும்பியபோது, ஸ்ட்ரெச்சர் தள்ளினவர் என் பாதத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், இம்மாம் பெரிய புண்ணு கீது, வலிக்கலன்னு சொல்லிக்கினு கீறியே. வலிச்சிருந்தா நீ எப்பவோ வந்திருப்ப” என்றார். அந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பார்.

டாக்டர் பாதத்தை அழுத்தினார், சீழ் வந்தது. இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. “இது ரெண்டு வாரத்துப் புண்ணாச்சே. சுடுதண்ணி ஏதாவது வெச்சீங்களா? உணர்ச்சி இல்லாத காலுக்குச் சுடுதண்ணி வெச்சுட்டு நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க” என்றார். உன் அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. “நான்தான் டாக்டர். கோயிலுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு உப்புத் தண்ணி வெச்சேன்” என்றாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை, ஆனால் தலையை ஆட்டினார். அவள் என் பக்கம் குனிந்து, “ஏங்க, ஒருவேளை மலையில சுட்டிருக்குமோ?” என்று கேட்டாள். எவ்வளவு ஆசையோடு கேட்டாள் தெரியுமா! நான் என்ன சொன்னேன்? “மலையில எனக்குச் சுடவே இல்லையே. நீயும்தான் பார்த்தியே” என்றேன். அது பொய்யும் இல்லை, அதுதான் அதில் மோசம்.

“ரெண்டு விரலையும் எடுத்தாகணும். சீழ் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். மேல ஏறியிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்” என்று சொல்லித்தான் டாக்டர் கையெழுத்து கேட்டார். அவள்தான் போட்டாள். தன் தப்பால்தான் புருஷன் கால் போகிறது என்று நம்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். காலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, அதனால் தப்பித்தேன். விரல் இரண்டையும் எடுத்து, உள்ளங்காலை நீளவாக்கில் திறந்து, கெட்ட சதையெல்லாம் வெட்டிக் கழுவினார்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை சுத்தம் செய்தார்கள். நீ லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தது அப்போதுதான்.

தையல் போடாமல் புண்ணை அப்படியே திறந்து விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்ன சிஸ்டர், பாதி வேலையோட விட்டுட்டாங்க?” என்று சத்தம் போட்டேன். டிரெஸ்ஸிங் செய்ய வந்த நசீமா சிஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை. “உள்ள அழுக்கை வெச்சு மேல தைச்சா என்ன ஆகும் சார்? பார்க்க அழகா இருக்கும், உள்ள அழுகிட்டே போகும். அடியிலேர்ந்து சதை வளர்ந்து மேல வரணும். அதுவரைக்கும் தினம் திறந்து பார்த்துத்தான் ஆகணும்” என்றார். அவர் என் காலைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு எங்கோ பட்டது. பட்டும் திருந்தவில்லை.

அந்த சிஸ்டர்தான் உன் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவர். “முகத்தைத் திருப்பிக்காதீங்கக்கா. நிறத்தைப் பாருங்க, ஓரத்தைப் பாருங்க, வாசனை மாறுதான்னு பாருங்க. சிவப்பா இருந்தா சந்தோஷப்படுங்க. கறுப்போ மஞ்சளோ தெரிஞ்சா அன்னிக்கே ஓடி வாங்க” என்பார். வீட்டுக்கு வந்தபிறகு ஐந்து மாசம், தினமும் காலை ஏழு மணிக்கு, முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். உப்புநீர் பாட்டிலால் புண்ணைக் கழுவி, காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, இறுக்கித் திணிக்காமல் பதமாக வைத்து, பஞ்சு வைத்து, கட்டுப் போடுவாள். காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று என்னைக் குழந்தைமாதிரி காவல் காத்தாள். நான் சும்மா இருந்தேனா? எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஒருநாள் பாதிக் கட்டு போட்டபடியே எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதிக் கட்டைப் போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் புண்ணுக்கு மேலாக, தொடாமல், ஒரு தையல் நூலைப் பிடித்து அளந்து வெட்டி வைப்பாள். முதல் நூல் என் உள்ளங்கை நீளம். கடைசி நூல் அரிசி அளவு. எல்லாம் இன்னும் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கிறது.

இப்படிப்பட்டவளைப் பார்த்து உன் அத்தை பழப்பையோடு வந்து உட்கார்ந்து, “இத்தனை வருஷமா குடித்தனம் பண்றவளுக்குத் தண்ணிச் சூடு தெரியாதா?” என்று கேட்டாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒருநாள், “ஏம்மா, கொஞ்சம் பார்த்து வெச்சிருக்கக் கூடாதா?” என்றாய். அன்றைக்கும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதற்கு நீ வருத்தப்படாதே. அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டியது. உன் வேலைக்கான வேண்டுதலுக்கு நடந்து என் கால் போயிற்று என்று தெரிந்தால் நீ நிம்மதியாக வேலை பார்ப்பாயா என்று நினைத்தேன். ஊர் முருகனைக் குறை சொல்லுமே என்று நினைத்தேன். சாக்குக்கு என்னடா பஞ்சம்! அத்தனை பேர் பார்க்க நடந்து காட்டினவன், அந்த நடையே முட்டாள்தனம் என்று ஒப்புக்கொள்ள முடியாமல் ஒளிந்துகொண்டேன்.

நீ போட்டுக்கொடுத்த கெய்சர் சுவிட்சில் அம்மா ஒரு துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறாளே, ஏன் என்று என்றைக்காவது கேட்டாயா? ஆறு வருஷமாக அவள் வெந்நீர் வைப்பதில்லை. மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான். போன வாரம் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: “இவனுக்குக் குழந்தை பொறந்தா சம்பந்தியம்மாவே குளிப்பாட்டட்டும். என் கைக்குச் சூடு தெரியாது.” அவள் சிரித்தாள் கண்ணா.

வித்யாவிடம் சொல்லிவிடு. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறாய். சொன்னால் சொல்லட்டும், அழுதுவிட்டு எழுந்துகொள்ளலாம். நாளைக்கு உன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கப் போகிறவள் அவள். தெரியாமல் அவளை அந்த இடத்தில் உட்கார வைக்காதே. உன் வயதில் கவனமாக இருந்தால் என் கதை உனக்கு வராது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார். ஷூவைத் தட்டிவிட்டுப் போடு. எதுவும் உறைக்காவிட்டால் அதைப் பெருமையாக நினைக்காதே. குன்றத்தூருக்குக் காலையிலேயே போ.

இதுவரை எழுதிவிட்டு நேற்று மத்தியானம் பேனாவை வைத்துவிட்டேன். மேலே எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. உன்னைச் சொல்லச் சொல்கிறேன், நான் சொன்னேனா? அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். குழாயடிக் கொப்புளத்தைச் சொன்னேன். கீரையைக் கீழே வைத்தாள்.

“குழாயடியிலயே பார்த்தீங்களா?”

“ஆமா.”

“நான் தண்ணி வெக்கிறதுக்கு முன்னாடியே?”

“ஆமாம்மா.”

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அன்னிக்கு நான் ரெண்டு தடவை கைய விட்டுப் பார்த்தேங்க” என்றாள்.

“தெரியும்.”

“இதமாத்தான் இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதமாத்தான் இருந்துச்சு.” அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆபரேஷன் அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. தொடப் போனேன், தள்ளிவிட்டாள். தள்ள வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வழக்கம்போல வந்து என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போனாள். உன் மாத்திரை விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. இன்றைக்கே சொல். வித்யாவிடம் முதலில், அம்மாவிடம் அடுத்து. என்னைப் போல ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளாதே.

இன்று காலை கடிதத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது குளியலறையில் கெய்சர் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். சுவிட்சில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது. கதவுக்கு அடியில் ஆவி வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் குளித்தாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவள், என்னைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பார்த்து, “அவனுக்குத்தானே எழுதிட்டிருக்கீங்க?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“அவன் குழந்தைய நானே குளிப்பாட்டறேன்னு எழுதுங்க.”

எழுதிவிட்டேன் கண்ணா.

அப்பா